பாதயாத்திரைக்கு ஒரு பேட்டரி

ஜன. 11, ஞாயிறு

தூக்கம்: ஆறரை மணி. மெஷின்: சரி. பனி: எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை.

தூக்கக் கணக்கு எழுதத்தான் டாக்டர் இந்த நோட்டைப் போடச் சொன்னார். நான்தான் ஊர்க்கதையெல்லாம் சேர்த்து எழுதுகிறேன். ரிட்டயர்டு டீச்சருக்குக் கை சும்மா இருக்காது.

வேனில் ஒயர் வேலை ஆரம்பம். போன வருஷம் வாங்கிய பழைய ஸ்கூல் வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு இவர் உள்ளே ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஒரு மடக்கு மேஜை போட்டிருக்கிறார். நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் கதவும் கட்டிலும் செய்கிற மனுஷர். எங்கள் வீட்டு அடுக்களைக் கதவு இன்னும் ஒழுங்காகச் சாத்தாது. வேனில் மட்டும் பலகை இடுக்கில் நூல் நுழையாது. கேட்டால் "அது வீடு, இது ஒனக்கு" என்கிறார். வீடு யாருக்காம்?

எல்லாம் தைப்பூசத்துக்கு. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடை. பதினான்கு வருஷம் விடாமல் நடந்தவள் நான். பிறகு இந்த வியாதி. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதாம். எனக்கெங்கே தெரியும், இவர் சொல்லித்தான் தெரியும். மூக்கில் மாட்டிக்கொள்கிற மெஷின் இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. நடையில் தங்குவதோ தோப்பிலும் கொட்டகையிலும். கரண்டுக்கு எங்கே போவது? மூன்று தைப்பூசம் வாசலில் நின்று, நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுத்தேன். மோர் கொடுப்பதும் புண்ணியம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்கள் நடந்து போனார்கள்.

இந்தத் தடவை 24ஆம் தேதி சனிக்கிழமை எங்கள் தெருக் குழு கிளம்புகிறது. பகலில் நான் நடப்பேன். வேனை இவர் ஓட்டி வருவார். ராத்திரி வேனுக்குள் மெஷினோடு படுக்கை. அதற்குத்தான் இரண்டாவது பேட்டரி. வண்டியைக் கிளப்புகிற பேட்டரி முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. புதுசு பின்னால், கட்டிலுக்கு அடியில். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து பின்னதற்குக் கரண்ட் ஏறும். ராத்திரி பின்னதில் மெஷின் ஓடும். முன்னது தீராமல் காலையில் வண்டி கிளம்பும்.

கணக்கு: மெஷின் 3 ஆம்பியர் (தண்ணீர் சூடாக்காமல்). எட்டு மணி நேரத்துக்கு 24. பேட்டரி 100, பாதிக்குமேல் இறக்கக் கூடாது. இரண்டு ராத்திரி தாங்கும். போட்டுக் காட்டியதும் இவர் முகத்தில் ஒரு மரியாதை.

மத்தியானம் ஃபியூஸ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இத எங்க வைக்க?"

"மெஷின் பக்கத்துல வைங்க. கருவியக் காப்பாத்தத்தான ஃபியூஸ்? இருபத்தாறு வருசமா எட்டாங்கிளாசுக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தேன்."

"டீச்சரம்மா சொன்னாச் சரி."

மறுபேச்சு இல்லை. கட்டில் தலைமாட்டில் தேக்குச் சட்டம் போட்டு உட்கார வைத்துவிட்டார். பார்க்க நகைப்பெட்டி மாதிரி இருக்கிறது.

ஜன. 13, செவ்வாய்

தூக்கம்: ஆறு. முகமூடி வார் காதுக்குப் பின்னால் உறுத்தல். பஞ்சு வைக்க வேண்டும்.

ஒயர் வெளியே தெரியக் கூடாது என்பது இவர் கட்சி. முன் சீட்டிலிருந்து கட்டில் வரை தரைப்பலகைக்கு அடியிலேயே கொண்டுபோய்விட்டார்.

"பழுதுன்னா எப்படிப் பாப்பீக?"

"பழுதே வராது."

ஒயர் போகிற தடத்தை மேலே பென்சிலால் கோடு போடச் சொன்னேன். முனகிக்கொண்டே போட்டார். 8/10. முனகலுக்கு 2 குறைத்தேன்.

சாயங்காலம் சண்முகவடிவு வந்தாள். எங்கள் நடைக் குழுவுக்கு அவள்தான் தலைவி, நான்கு வீடு தள்ளி. வேனுக்குள் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தாள்.

"ஏண்டி, மெத்தையில படுத்து எந்திரிச்சுப் போறவளப் பாதயாத்திரையில சேக்கலாமா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. கால் என்னுடையதுதானே நடக்கப் போகிறது? வாயில் வந்ததை விழுங்கிவிட்டுக் காபி கொடுத்தேன். சர்க்கரை கொஞ்சம் குறைவாக.

எடுத்துப்போக: துண்டு 2, புடவை 4, தைலம், கால் வெடிப்புக்கு விளக்கெண்ணெய், மெஷின், மெஷினுக்கு மாற்றுக் குழாய், இந்த நோட்டு.

ஜன. 14, புதன், போகி

நடந்ததை அப்படியே, வரிசையாக எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி. ஒயர் முன்பக்கம் மாட்டியாகிவிட்டது. பின்பக்கம் ஃபியூஸ் டப்பா வரை வந்தாகிவிட்டது. கட்டில் காலைத் தரையோடு முறுக்க நாலு ஸ்க்ரூ பாக்கி. நான் வேன் படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஸ்க்ரூ போட்டதும் ஏதோ நாற்றம். எங்கள் பக்கம் போகிக்கு அவ்வளவாகக் கொளுத்துகிற வழக்கமில்லை. புதுசாகக் குடிவந்த எதிர்வீட்டார் காலையிலிருந்து பழைய பாயையும் டயரையும் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகைதான் என்று இரண்டு பேரும் நினைத்தோம். "என்னத்தக் கொளுத்துறாக இவுக" என்று நான் திட்டக்கூடச் செய்தேன். மொச்சையை உரித்துக்கொண்டே.

பிறகு பார்த்தால் இவர் முழங்காலுக்குப் பக்கத்தில் பலகை இடுக்கிலிருந்து புகை வருகிறது. நூல் நுழையாத இடுக்கு.

தண்ணீர்க் குடத்தை எடுத்தேன். "தண்ணி ஊத்தாத! எறங்கு! எறங்கு மொதல்ல!" இத்தனை வருஷத்தில் இவர் என்னைப் பார்த்து இப்படிக் கத்தியதில்லை. முன் சீட்டைத் தூக்கி, ஸ்பானரைத் தேட நேரமில்லாமல் ஒயரையே கையால் பிடித்து இழுத்தார். பழுக்கக் காய்ந்த ஒயர். பிடுங்கிக்கொண்டு வந்தது, உள்ளங்கைத் தோலோடு. வாசலில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை நான் வாளியில் அள்ளி வந்து பலகைமேல் கொட்டினேன். அவ்வளவுதான். அணைந்தது. இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

பலகையைப் பெயர்த்துப் பார்த்தோம். ஸ்க்ரூ நேராக ஒயரைத் துளைத்து அடியில் தகரத்தைத் தொட்டிருக்கிறது. முன்னாலிருந்து அந்த இடம் வரை ஒயர் கரிக்கட்டை.

"கோடு போட்டீகளே?"

மெதுவாகச் சொன்னார்: நேற்று ராத்திரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்துவிட்டாராம். முடித்த பலகைமேல் பென்சில் கோடு கிடந்தால் பார்க்கச் சகிக்கவில்லையாம்.

எனக்குக் கோபம் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஜன. 15, வியாழன், பொங்கல்

தூக்கம்: நாலு. மெஷின்மேல் குற்றமில்லை.

பால் பொங்கியபோது "பொங்கலோ பொங்கல்" சொல்ல இவரைக் காணோம். வேன்மேல் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார், ஒற்றைக் கையால்.

கட்டுப் போட்ட கையோடு சாப்பிட முடியவில்லை. ஊட்டிவிடுகிறேன் என்றால் கரண்டியை இடது கையால் பிடுங்கிக்கொள்கிறார். மொச்சைக் குழம்பு பாதி வேட்டியில்.

சாப்பிட்டு முடித்துச் சொன்னார்: "வேணாம். அந்தப் பலகைக்கு மேலதேன் நீ படுக்கணும். மூஞ்சில மெஷின மாட்டிக்கிட்டு, கதவச் சாத்திக்கிட்டு. இது ராத்திரி நடந்திருந்தா?"

நான் தட்டை எடுத்தேன்.

"இந்த வருசமும் மோரே குடுப்போம். பேட்டரியத் திருப்பிக் குடுத்துர்றேன்."

மோர். அந்த வார்த்தையைக் கேட்டதும் அடுக்களைக்குப் போய்விட்டேன். இவர் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார், எனக்கும் தெரியும். தெரிந்தும் அழுகை வந்தது. கரும்பு வெட்டுகிற சாக்கில் அழுது முடித்தேன்.

ஜன. 16, வெள்ளி

தூக்கம்: ஐந்து.

இவர் இழைப்புளியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்துத் திரும்ப வைத்தார். இரண்டு தடவை.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். என்னிடம் எட்டு 'பி'யில் படித்தவள். கழனிவாசல் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருக்கிறாள். வண்டி ஒயரிங் அவள் பார்ப்பாள், பேட்டரி தூக்குவது அவள் வீட்டுக்காரர். நாளைக்கு வருகிறேன் என்றாள். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

ஜன. 17, சனி

ஜெசிந்தா வந்தாள். சுடிதார்மேல் வீட்டுக்காரர் சட்டை, காதில் பென்சில். "டீச்சர், எளச்சுட்டீக" என்றாள். பொய்தான், நன்றாக இருந்தது.

தார்ப்பாயை அவளே விலக்கினாள். தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். இவர் குற்றவாளி மாதிரி பக்கத்தில் நின்றார். "ஸ்க்ரூ போட்டது நாந்தேன். கோட்ட அழிச்சதும் நாந்தேன்."

"ஸ்க்ரூவக் குத்தஞ் சொல்லாதீகய்யா. ஸ்க்ரூ குத்தும், எலி கடிக்கும், தகரத்துல ஒரசும். என்னிக்காச்சும் ஒண்ணு நடக்கத்தான் செய்யும். அதுக்குத்தான ஃபியூஸ்." எழுந்து உட்கார்ந்தாள். "அது ஏன் இங்குட்டு, கட்டில் தலமாட்டுல வந்து உக்காந்திருக்கு?"

நான் டீத் தம்ளரோடு நின்றேன்.

"ஃபியூஸ் பேட்டரி வாய்க்கிட்ட, ஒயர் மாட்டுற எடத்துல இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும். ஃபியூஸ் மெஷினக் காப்பாத்த இல்ல, ஒயரக் காப்பாத்த. இங்க இருந்தா, பேட்டரிக்கும் இதுக்கும் நடுவுல இருக்க ஒயருக்கு யாரு காவல்? அங்குட்டு இருந்திருந்தா ஸ்க்ரூ பட்ட ஒடனே ஃபியூஸ் போயிருக்கும். புகையே வந்திருக்காது. யாரு இத இங்க வைக்கச் சொன்னது?"

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. "நாந்தேன் வச்சேன். இங்க இருந்தாப் பாக்க அழகா இருக்கும்னு."

ஜெசிந்தா சிரித்தாள். "அழகு பாத்து ஒயரிங் பண்ணுவீகளா?" இவரும் கூடச் சிரித்தார். கட்டுப் போட்ட கையோடு.

நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறு வருஷம் ஓயாத வாய். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்று எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். "டீ ஆறுது" என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு நானே போட்டுக்கொள்வது: 0/10.

ஜன. 18, ஞாயிறு

தூக்கம்: மூன்றா நாலா தெரியவில்லை. புரண்டுகொண்டே இருந்தேன்.

காலையில் எழுந்ததும் பழைய பாடப்புத்தகத்தையும் என் பாடக் குறிப்பையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். புத்தகத்தில் சரியாகத்தான் இருக்கிறது, ஃபியூஸ் காப்பது மின்சுற்றை என்று. மனப்பாடத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று கருவி என்று சுருக்கிக் கொடுத்தது நான். வருஷத்துக்கு எண்பது பிள்ளைகள் என்றால் இருபத்தாறு வருஷத்துக்கு... பெருக்கவில்லை. பெருக்கினால் இருக்கிற தூக்கமும் போய்விடும்.

இவர் பல் தேய்த்துவிட்டு வந்தார். நேராகக் கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னீக?"

"எப்படி?"

"ஃபியூஸ நீங்க வச்சதா."

"வச்சது நாந்தான?" துண்டால் முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம். "நீ படிக்க வச்ச புள்ள. அது முன்னால ஒன்னய எப்படி விட்டுக் குடுக்க?"

முப்பத்தெட்டு வருஷக் கல்யாணம். இன்னும் எனக்கு இந்த மனுஷரிடம் வெட்கம் வருகிறது. "கையக் காட்டுங்க, மருந்து போடணும்" என்றேன். காட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன், மருந்து போட்ட பிறகும்.

அப்புறம் புடவையை மாற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். ஜெசிந்தா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவாள். நெற்றி நிறையத் திருநீறோடு வாசல் மரத்தடியில் நான். வெளியே வந்தவள் பயந்துவிட்டாள், யாருக்கு என்னவோ என்று.

"ஜெசிந்தா, அவர் சொன்னது பொய். ஃபியூஸ அங்க வைக்கச் சொன்னது நான். எனக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கு. ஒனக்கும் தப்பாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தாள். "எனக்குத் தெரியுமே டீச்சர். ஃபியூஸப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. பரீட்சையில நானே அப்படித்தான எழுதுனேன், முழு மார்க் போட்டீக! கடை போட்ட புதுசுல ஒரு லோடு வண்டிக்கு அப்படியே வச்சும் குடுத்துட்டேன். வண்டி பொகஞ்சு திரும்பி வந்துச்சு. அன்னிக்குத் திருத்திக்கிட்டேன்."

"ஏண்டி எங்கிட்ட வந்து சொல்லல?"

"எப்படி டீச்சர் சொல்றது? நீங்க டீச்சராச்சே."

ஆளாளுக்கு என்னைக் காப்பாற்றுகிறார்கள். உள்ளே சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். என்னுடையது வெளியிலேயே முடிந்துவிட்டது.

இவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டேன். "பேசிப் பிரயோசனம் இல்ல டீச்சர். செஞ்சு காட்டணும். நாளைக்கு வர்றேன்" என்றாள்.

ஜன. 19, திங்கள்

தூக்கம்: ஏழு! மெஷின்: சரி. மனசு: சரி.

வாசலில் ஒரு முக்காலி. அதன்மேல் பேட்டரி. ஜெசிந்தா கண்ணில் கண்ணாடி, கையில் உறை. முதலில் என் பக்கம் திரும்பி, "டீச்சர், தாலிச் செயினப் பின்னால தள்ளிப் போடுங்க. வளையலக் கழட்டுங்க. பேட்டரிமேல இரும்பு, தங்கம் எது விழுந்தாலும் ஒண்ணுதேன்" என்றாள். தாலியை முதுகுப் பக்கம் ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டேன். எட்டாம் வகுப்பில் பின் பெஞ்சுக்காரி. இப்போது அவள் சொல்ல, நான் கேட்க.

பேட்டரி வாய்க்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ், அதிலிருந்து ஒரு கை நீளத்துக்கு ஒயர். இவரைக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்று உள்ளே இருந்தார். நான் போய்க் கூட்டிவந்தேன்.

ஒயர் முனையை வேண்டுமென்றே பேட்டரியின் மறுபக்கத்தில் தொட்டாள். 'டப்'. அவ்வளவுதான். இவர் ஒரு எட்டு பின்னால் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு.

"ஒயரத் தொட்டுப் பாருங்கய்யா."

தொடவில்லை.

"தொடுங்க. நான் இருக்கேன்ல."

இடது கை விரலால் தொட்டார். அப்புறம் உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தார். அன்றைக்குப் பழுக்கக் காய்ந்ததும் இதே மாதிரி செப்பு ஒயர்தான்.

"சில்லுனு இருக்கு," என்றார். "இன்னொரு தடவ செய்யி, ஆத்தா."

மூன்று தடவை செய்தாள். மூன்று ஃபியூஸ் போயிற்று. மூன்று தடவையும் ஒயரைப் பிடித்துப் பார்த்தார். நாலாவதாக என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார்.

பிறகு உள்ளே போனார். உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு வந்து, கரிந்த பலகையைப் பெயர்க்க ஆரம்பித்தார், இடது கையால். நான் வேகமாக அடுக்களைக்குப் போய் இரண்டு தட்டு வடை சுட்டேன். வேறு என்ன செய்வது?

ஜன. 21, புதன்

தூக்கம்: ஆறே முக்கால்.

இரண்டு நாளாக வேலை. ஜெசிந்தா சொன்னது, மறக்காமல் இருக்க:

1. இரண்டு பேட்டரியிலும் கரண்ட் இருக்கிறது, ஒயர் நடுவில். ஆகையால் இரண்டு பக்கமும் ஃபியூஸ், ஒவ்வொன்றும் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள்.
2. ஒயர் தாங்குகிற அளவைவிட ஃபியூஸ் சின்னதாக இருக்க வேண்டும். பெரிய ஃபியூஸ் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் போய்விடும்.
3. மெஷினுக்குப் போகிற சின்ன ஒயருக்குத் தனியாக 10 ஆம்பியர். அதுவும் பேட்டரி பக்கத்தில்தான், மெஷின் பக்கத்தில் இல்லை. (இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள். போகட்டும்.)
4. தகரத்தைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் வளையம்.
5. கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில்.
6. ஃபியூஸ் போனால் உடனே வேறு மாட்டக் கூடாது. ஏன் போனது என்று பார்த்துவிட்டுத்தான். ஒயர் துண்டை வைத்து ஒப்பேற்றவே கூடாது.
7. பேட்டரிப் பெட்டிக்குக் காற்று போக ஓட்டை.

ஏழாவதுக்குத்தான் சண்டை. இவர் செய்த பெட்டி காற்றுகூடப் புகாத பெட்டி. ஓட்டை போட மனசு வரவில்லை. "நல்ல தேக்கு, ஆத்தா" என்று கெஞ்சினார். ஜெசிந்தா அசையவில்லை. கடைசியில் போட்டார். போட்டதுதான் போட்டார், ஆறு ஓட்டையையும் பூ மாதிரி வட்டமாகப் போட்டு வைத்திருக்கிறார்.

ஒயர் இப்போது பலகைக்கு அடியில் இல்லை. பக்கச் சுவரோரமாக, பிளாஸ்டிக் குழாய்க்குள், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. இவருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுருங்குகிறது. "அசிங்கமா இல்ல?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அழகாகத்தான் இருக்கிறது, எங்கே போகிறது என்று தெரிகிற ஒயர்.

சண்முகவடிவு எட்டிப் பார்த்தாள். "வர்றியா, வரலியா? பேரு எழுதணும்."

இவர் உள்ளேயிருந்து: "எழுதுங்க!"

ஜன. 23, வெள்ளி

நேற்று ராத்திரி ஒத்திகை. வீட்டு வாசலிலேயே வேனில் படுத்தேன். தூக்கம்: ஆறரை. மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. காலையில் பேட்டரி 12.5 வோல்ட். ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. வண்டியும் ஒரே தடவையில் கிளம்பியது. இவர் கையில் கட்டு இப்போது மெல்லிசு, விரலெல்லாம் வெளியே, ஸ்டியரிங் பிடிக்க வருகிறது.

இவர் முன் சீட்டில் உட்கார்ந்தபடியே இருந்தார். கண் கோவைப்பழம். "தூங்குனீகளா?" என்றால் "ம்" என்கிறார்.

எதிர்வீட்டு அம்மா: "ஏன் டீச்சர், வீட்டுல சண்டையா?"

ஜன. 24, சனி

விடியற்காலை குன்றக்குடி. மலையேறிக் கும்பிட்டேன். கூட்டம், காவடி, கொட்டு. என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை. நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்தது, தள்ளிவிட்டார்கள், இறங்கினேன்.

நடந்தேன். நடந்தேன்! முதல் இரண்டு மணி நேரம் கால் தன்னால் போனது. பத்து மணிக்குமேல் தார் சுட ஆரம்பித்தது. நான்கு வருஷம் செருப்புப் போட்ட கால் வெட்கமில்லாமல் எரிந்தது. வழியில் ஒரு பெண் மோர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். கொடுத்த கையைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாடு ஒரு புளியமரத்தடியில். வேன் முன்னாலேயே வந்து நின்றிருந்தது. இவர் இலையில் புளியோதரை வைத்துக் கொடுத்தார். என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார், அத்தனை பேர் நடுவில். சண்முகவடிவு தொண்டையைக் கனைத்தாள். இவர் கவனிக்கவில்லை.

"ஏன் கண்ணு இப்படிச் செவந்திருக்கு? நேத்தும் தூங்கலியா?" என்று அதட்டினேன்.

அப்போதுதான் சொன்னார், காலைப் பார்த்துக்கொண்டே. "நீ தூங்குனதுக்கப்பறம் உன் மூச்ச எண்ணுவேன். நிக்காமப் போகுதான்னு. மெஷின் வந்தப்பறமும் எண்ணுறதுதேன். பழகிருச்சு."

"தெனமுமா?"

"தூக்கம் வர்ற மட்டும்."

மூன்று வருஷம். தூக்கக் கணக்கு நான் ஒருத்திதான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இலையைக் கீழே வைத்தேன். "இன்னிக்கு எண்ணாதீக. ஃபியூஸ் ரெண்டு பக்கமும் இருக்கு. பேசாமப் படுங்க" என்றேன். டீச்சர் குரலில்தான் வந்தது.

ராத்திரி தங்கல் ஒரு தென்னந்தோப்பு. கால் வலி. நோட்டை மூடுகிறேன்.

ஜன. 25, ஞாயிறு

நாலு மணி. தோப்பில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தூக்கம்: ஏழு. மெஷின்: சரி. பேட்டரி: சரி.

இவர் வேன் தரையில் பாய் விரித்துப் படுத்தவர் இன்னும் எழவில்லை. வாய் திறந்திருக்கிறது. கட்டுப் போட்ட கை நெஞ்சின்மேல். வெளியே அத்தனை சத்தம், பாட்டு, அரோகரா. அசைவில்லை.

முதலில் பயந்துவிட்டேன். குனிந்து பார்த்தேன். பிறகு மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். நிமிஷத்துக்குப் பதினைந்து. இன்னொரு தடவை எண்ணினேன். பதினைந்துதான்.

சண்முகவடிவு வேன் தகரத்தைத் தட்டுகிறாள். "கெளம்புவமா? அண்ணன எழுப்புடி, சொல்லிட்டு வா."

எழுப்பவில்லை. போர்வையை இழுத்துவிட்டேன். போகிறேன்.